அண்ணல் அம்பேத்கர் மேற்கல்வி பெற்ற வரலாறு

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் அண்ணல் அம்பேத்கர் என்பதை மாணவர் அனைவரும் அறிவர். அவர் அமெரிக்க நாட்டிலும் இங்கிலாந்திலும் உயர்ந்த பட்டங்கள் பெற்றவர் என்பதையும் பலர் அறிவர். ஆனால், கையிற் பொருளில்லாத ஒரு குடும்பத்திற் பிறந்த அவர் அவ்வளவு தொலைவு சென்று கற்பதற்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. கப்பற் கட்டணம், கல்விக் கட்டணம், உணவு, உறையுள், நூல்கள் ஆகிய ஒவ்வொன்றிற்கும் பணம் வேண்டும். அதனை அவர் எவ்வாறு தேடினார் என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

பீமராவ் என்னும் இயற்பெயருடைய அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், மௌ என்னும் படைவீட்டு ஊரிற் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் இராணுவத்திற் சுபேதாராக இருந்தவர், தாயார் பீமாபாய். தீண்டத்தகாதவர் என்று சமூகம் ஒதுக்கி வைத்திருந்த மகார் குலத்தினர் அவர்கள். பெற்றோர்க்குப் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தவர் பீமராவ். தந்தையார் வேலையினின்று ஓய்வு பெற்றபின், சிறிதளவாக வந்த ஓய்வூதியமே குடும்பத்தைத் தாங்கிற்று.

பம்பாயில் ஆலைத்தொழிலாளர் வாழும் பகுதியில், ஒரே அறையுள்ள வீட்டில் அக்குடும்பம் குடியிருந்தது. அவ்வறையே சமையலறை, அதுவே படுக்கையறை, படிக்கும் இடமும் அதுவே. மகன் முன்னிரவில் உறங்கும்வரை தந்தை விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்கச் செய்துவிட்டு, அவன் படுத்திருந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். மகன் ஒரு புத்தகம் வேண்டும் என்று கேட்டால், கையிற் காசு இல்லாதபோது மணமாகிச் சென்ற தம் மகளிரிடம் போவார். ஒருத்தியிடம் சில ரூபாய் கடன் கேட்பார். அவளிடம் இல்லையெனின் மற்றொருத்தியிடம் சென்று ஒரு நகையை வாங்கி அடகு வைப்பார். அப்பணத்திற் புத்தகம் வாங்கி வருவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுக் கொடுப்பார். பிற்காலத்தில் மன்னர் இருவர் அம்பேத்கருக்குப் பொருள் நல்கினர். எனினும், அவருடைய கல்விக்கு முதன்முதல் ஈடாக வைக்கப்பெற்ற பொருள் உடன்பிறந்தாளின் நகையே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1907ஆம் ஆண்டில் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். அக்குலத்தில் ஒருவர் அவ்வளவு படிப்பது அந்நாளில் அரிதாதலின், அவரைப் பாராட்ட ஒரு கூட்டம் கூடியது. அக்கூட்டத்திற்கு வந்த கெலுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். பரிசளித்ததோடு தம் கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. எல்பின்ஸ்டன் கல்லூரியிற் சேர்ந்த பீமராவுக்குத் தந்தையாரால் மேலும் செலவு செய்ய இயலவில்லை என்றறிந்து, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அவரை அழைத்துச் சென்றார். மன்னர் சில வினாக்கள் கேட்டார்; விடைகள் அவர் உள்ளத்திற்கு உவப்பாயிருந்தன. மாதந்தோறும் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் வழங்குமாறு ஆணையிட்டார். அவ்வுதவியால் பீமராவ் பி.ஏ. பட்டம் பெற்றார்.

நன்றிக்கடன் கருதி, 1913ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் பரோடா அரசின் பணியிற் சேர்ந்தார். சேர்ந்து சில நாட்களே சென்றன. தந்தை கடுமையான நோயுற்றார் என்னும் தந்தி வந்தது. உடனே புறப்பட்டார். வழியிற் சூரத்து நிலையத்தில் தந்தைக்கென்று இனிப்புப் பண்டம் வாங்க இறங்கினார்; அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அடுத்த வண்டியில் வீடு வந்து சேர்ந்தபோது, மகன் முகத்தைக் காண்பதற்காகவே உயிர் தாங்கிக் கிடந்த தந்தையார் அவரைக் கண்டு, அவர் முதுகைத் தடவி, உயிர் நீத்தார். அது பிப்பிரவரி 2ஆம் நாள். நகையை அடகு வைத்துப் படிக்கவைத்த அக்கை, மகன் அயல்நாடு செல்வதைக் காணாமலே ஓய்ந்தது.

அவ்வாண்டிலேயே பரோடா மன்னர், மாணவர் சிலரை அமெரிக்காவிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்ப விரும்பினார். பீமராவ் மன்னரை நேரிற் கண்டு வேண்டினார். மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவி என்று முடிவாயிற்று. இவ்வுதவி முற்றும் இலவசமன்று. படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் வேலை செய்வதாக உறுதிப் பத்திரம் எழுதித் தரல்வேண்டும். 1913ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள் அப்பத்திரத்திற் கையொப்பமிட்டு, சூலைத் திங்களில் நியூயார்க்கு நகரை அடைந்தார்.

தொடக்கத்தில் அவர் உள்ளம் புதிய நகரத்திற் சிறிது அலைந்தது. பின்னர் ஒருநாள், இம்மூன்றாண்டுகளும் கடன் வாங்கிய காலம் போன்றவை என்பதை உணர்ந்தார். அதன்பின் அவர் வாழ்ந்த வாழ்க்கை தவசியின் வாழ்க்கையை ஒத்தது. வரும் பதினொன்றரைப் பவுனில் ஒரு பகுதியைப் பம்பாயில் இருந்த குடும்பத்திற்கு அனுப்பவேண்டும். மனைவியார் இரமாபாயும் 1912ஆம் ஆண்டின் இறுதியிற் பிறந்த மகன் யசுவந்தும் அங்கிருந்தனர். எஞ்சிய பணத்தில் எளிய உணவு உண்டார். நாடகத்திற்கோ வேறு கேளிக்கைக்கோ செலவிட்டாரல்லர். அவருடைய ஒரே ஊதாரித்தனம் பழைய புத்தகக் கடை. அங்குச் சென்றால் கையிலுள்ள காசு தங்காது. ஏறத்தாழ 2,000 நூல்களை அங்ஙனம் சேர்த்தார்.

பட்டத்திற்கு வேண்டிய அளவோடு அவர் நிற்கவில்லை. பொருளியல், வரலாறு, சமூகவியல், தத்துவம், மானிடவியல், அரசியல் எனப் பல துறைகளிற் பாடங்களைக் கேட்டார். அவர் கேட்ட பொருளியற் பாடங்கள் மட்டும் 29. பொருளியற் பேராசிரியர் செலிக்மன் அவர்பால் மிகுந்த அன்பு வைத்திருந்தார். 1915ஆம் ஆண்டில் பண்டைய இந்திய வாணிகத்தைப் பற்றி ஆராய்ந்தெழுதி எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியச் சாதிகளைப் பற்றிய கட்டுரையொன்றை ஆய்வரங்கிற் படித்தார். டாக்டர் பட்டத்திற்கான ஆராய்ச்சியையும் தொடங்கினார். இவையெல்லாம் மூன்றாண்டில் நிகழ்ந்தவை. காலத்திற்கு ஓர் எல்லை வகுக்கப்பெற்றிருந்தமையால் அவர் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் உழைத்தார் என்பர்.

அங்கிருந்து 1916ஆம் ஆண்டில் இலண்டனுக்குச் சென்றார். இலண்டன் பொருளியற் பள்ளியில் உயர்பட்ட ஆராய்ச்சிக்கும், கிரேஸ் இன் என்னும் கழகத்தில் பாரிஸ்டர் படிப்பிற்கும் பதிந்துகொண்டார். ஆனால் 1917ஆம் ஆண்டில் உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்தது. பரோடாத் திவான் அவரைத் திரும்பி வருமாறு பணித்தார். இரண்டு படிப்புகளும் நடுவில் நின்றன. பேராசிரியர் எட்வின் கானன் என்பாரின் துணையால், நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்னும் இசைவைப் பல்கலைக்கழகத்தினிடம் பெற்றுக்கொண்டு புறப்பட்டார்.

அது முதல் உலகப்போர் நிகழ்ந்த காலம். அவர் ஏறிய கப்பல் தீங்கின்றிக் கொழும்பு வந்தடைந்தது. அங்கிருந்து பம்பாய் சேர்ந்தார். ஆனால் அவருடைய உடைமைகளையும் நூல்களையும் ஏற்றி வந்த வேறொரு கப்பல், செருமானியரின் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்குண்டு கடலில் மூழ்கியது. வயிற்றைச் சுருக்கி வாங்கிய நூல்கள் அலைகட்கு இரையாயின. இழந்த உடைமைகளுக்கு ஈடாக 600 ரூபாய் கிடைத்தது. பரோடாவுக்குச் செல்ல வழிச்செலவு இல்லாதிருந்த அவருக்கு அப்பணமே உதவிற்று. நூல்கள் மூழ்கியதனால் வந்த பணத்தைக்கொண்டு, கற்பதற்குப் பட்ட கடனைத் தீர்க்கச் சென்றார் அவர்.

பத்திரத்திற் சொன்னவாறு வேலை செய்யவே அவர் பரோடாவுக்குப் போனார். மன்னரும் அவரைப் பெரிய பதவிக்கு உரியவராக்கவே கருதினார். ஆனால் அந்நகரில் அவருக்கு வாடகைக்கு வீடு கொடுப்பார் இல்லை. இந்து விடுதிகளில் இடமில்லை. ஆதலால் பார்சி விடுதியொன்றில், பார்சிப் பெயரொன்றைத் தாங்கி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பழைய மரச்சாமான்கள் குவிந்து கிடந்த மாடியில், வேறு விருந்தினர் எவருமின்றி, மண்ணெண்ணெய் விளக்கொளியில் இரவுகளைக் கழித்தார். அலுவலகத்திலோ, பணியாட்கள் காகிதக் கட்டுகளைத் தொலைவில் நின்று அவர் மேசைமீது வீசினர். குடிக்கத் தண்ணீரும் கிடைத்திலது.

பதினொன்றாம் நாட் காலையில் பார்சியர் பலர் தடிகளோடு வந்து விடுதியைச் சூழ்ந்துகொண்டனர். தங்கள் விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டதாகக் கடிந்து, மாலைக்குள் வெளியேறிவிடவேண்டும் என்று அச்சுறுத்திச் சென்றனர். அவர் தம் நண்பர் இருவரிடம் ஒருவர்பின் ஒருவராகப் புகலிடம் கேட்டார். இந்து நண்பர், நீர் வந்தால் என் வேலைக்காரர் போய்விடுவர் என்றார். கிறித்தவ நண்பர், மனைவியைக் கலந்தே சொல்லவேண்டும் என்றார். அதன் பொருள் இவருக்கு விளங்கிற்று. பம்பாய் வண்டி இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை நகரப் பூங்காவொன்றில் அமர்ந்திருந்தார். இரண்டு கண்டங்களிற் கற்ற இருபத்தாறு வயது அறிஞர், ஓர் இரவு தலைசாய்க்க இடமின்றிக் கண்ணீர் வடித்தார். பத்தாண்டு செய்யவேண்டிய பணி பதினொரு நாளில் முடிந்தது. பத்திரத்தை மீறினார் என்று அவரைச் சொல்வது எங்ஙனம் பொருந்தும்? பணி செய்ய வந்தவரைப் பணி செய்ய விடாதது அவ்வூர். எனினும், கல்விக்காகச் செலவிட்ட பணத்தைத் திருப்பித் தருமாறு பரோடா அலுவலகத்திலிருந்து பின்னரும் கடிதங்கள் வந்தன.

பம்பாய்க்கு மீண்டவர்முன் இரண்டு கவலைகள் நின்றன. ஒன்று குடும்பத்தின் பசி. மற்றொன்று, இலண்டன் தந்த நான்காண்டு கெடு நாள்தோறும் குறைந்து வந்தது. மாணவர் இருவர்க்குத் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். வணிகர்களுக்குப் பங்குச்சந்தை பற்றி அறிவுரை கூறும் அலுவலகமொன்றைத் திறந்தார். முதலில் நன்றாகவே நடந்தது. அவர் குலம் தெரிந்தவுடன் வருவார் நின்றுவிட்டனர். அறிவுரையில் தீட்டு உண்டோ என்று நாம் இன்று வியக்கிறோம். அன்று அவ்வாறு வியந்தவர் சிலரே.

1918ஆம் ஆண்டு நவம்பரில், பம்பாய் சிடன்ஹாம் வணிகவியற் கல்லூரியில் பொருளியற் பேராசிரியராகத் தற்காலிகப் பணி கிடைத்தது. சம்பளம் மாதம் 450 ரூபாய். அந்நாளில் அது பெருந்தொகை. முதலில் மாணவர் அவரைப் பொருட்படுத்தவில்லை. சில திங்களுக்குள் நிலைமை மாறிற்று. பிற கல்லூரி மாணவரும் இசைவு பெற்று வந்து அவர் விரிவுரையைக் கேட்கலாயினர். ஆசிரியர் அறையில் வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் எடுப்பதை உடனாசிரியர் சிலர் மறுத்தனர் என்பதையும் இங்கே சொல்லாது விடுதல் நேர்மையாகாது.

நானூற்றைம்பது ரூபாய் வாங்கும் பேராசிரியர் பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில், இரண்டே அறைகளில் தொடர்ந்து வாழ்ந்தார். இரமாபாயின் கையில் இவ்வளவு என்று அளந்து கொடுத்தார். எஞ்சியது முழுவதும் இலண்டன் செலவுக்கென்று சேர்ந்தது. சேமித்தவர் அம்பேத்கர் என்று நூல்கள் கூறும். அந்தச் சேமிப்பில் ஒவ்வொரு ரூபாயும் அடுப்பங்கரையில் இரமாபாய் குறைத்த அரிசியாலும் எண்ணெயாலும் ஆனது என்று நான் கருதுகிறேன். கணவர் கடல் கடந்திருந்த ஆண்டுகளிலும், இல்லாமையைப் பிறர் அறியாவண்ணம் மறைத்து இல்லறம் நடத்தியவர் அவ்வம்மையார்.

1920ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பேராசிரியப் பணியை விட்டார். தம் சேமிப்பு போதவில்லை. கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா பொருளுதவி செய்தார். கொலம்பியாவில் உடனுறைந்து கற்ற நண்பர் நவல் பத்தேனா 5,000 ரூபாய் கைம்மாற்றாகத் தந்தார். இந்நண்பர் ஒரு பார்சி. பரோடாவில் தடியெடுத்து வந்தவரும் பார்சியர். பம்பாயிற் பணமுடிப்போடு வந்தவரும் பார்சியரே. தமிழிற் கைம்மாறு என்பதற்கும் கைம்மாற்று என்பதற்கும் ஓரெழுத்தே வேறுபாடு. பத்தேனா கொடுத்தது கைம்மாற்று. ஆனால் கைம்மாறு கருதாமற் கொடுத்தது. அம்பேத்கர் இலண்டனிலிருந்து மீண்டும் மீண்டும் அவருக்கு எழுதிப் பணம் கேட்க நேர்ந்தது. நண்பரைத் தொல்லைப்படுத்துகிறோமே என்று ஒவ்வொரு முறையும் வருந்தினார்.

சூலைத் திங்களிற் கப்பலேறினார். கெடு முடிய ஓராண்டிற்கு மேல் எஞ்சியிருந்தது. இலண்டனில் அவர் தங்கிய விடுதியின் தலைவி கடுமையானவர். காலையில் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு கோப்பைத் தேநீருமே கிடைக்கும். அதனை உண்டு, வண்டிச் செலவை மிச்சப்படுத்த நடந்தே சென்று, பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறக்கும்போது உள்ளே நுழைவார். நண்பகல் உணவைப் பெரும்பாலும் விட்டுவிடுவார். நூலகத்தை மூடும்போதுதான் வெளியே வருவார். இரவில் நெடுநேரம் படிப்பார். பசி பொறுக்க முடியாதபோது, அறிமுகமான ஒருவர் கொடுத்திருந்த அப்பளம் சிலவற்றைச் சுட்டுத் தின்று பாலருந்துவார். உடனிருந்த மாணவர் நள்ளிரவில் கண்விழித்துப் பார்க்கும்போதெல்லாம் அவர் புத்தகத்தின்முன் இருப்பதைக் கண்டார்.

1921ஆம் ஆண்டில் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். 1922ஆம் ஆண்டில் பாரிஸ்டரானார். ரூபாயின் சிக்கலைப் பற்றி டி.எஸ்சி. பட்டத்திற்கு ஓர் ஆராய்ச்சி நூலை எழுதி அளித்தார். ஆங்கில அரசின் நாணய மாற்றுக் கொள்கை இந்தியருக்குக் கேடு விளைத்தது என்று அதில் அச்சமின்றி எழுதியிருந்தார். தேர்வாளர்கள் சில பகுதிகளைத் திருத்தி எழுதித் தருமாறு கூறினர். அதற்குள் கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டது. இலண்டனில் ஒருநாளும் தங்க வகையில்லாமல், 1923ஆம் ஆண்டு ஏப்பிரலிற் பம்பாய் திரும்பினார். அங்கிருந்தே நூலைத் திருத்தி அனுப்பினார். அவ்வாண்டின் இறுதியில் டி.எஸ்சி. பட்டம் அவருக்கு உரியதாயிற்று.

பாரிஸ்டர் பட்டம் இருந்தும் உயர்நீதிமன்றத்திற் பதிவு செய்துகொள்ளப் பணமில்லை. அப்போதும் பத்தேனாவே உதவினார். வழக்குகள் மெல்ல மெல்லத்தான் வந்தன. ஆகவே கணக்கியல் கற்பிக்கும் ஒரு நிறுவனத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் கற்பித்துப் பொருளீட்டினார். கொலம்பியாவின் டாக்டர் பட்டம் இன்னும் நிலுவையில் நின்றது. ஆராய்ச்சி நூலை அச்சிட்டுப் படிகள் அளித்தபின்னரே பட்டம் வழங்குவது அப்பல்கலைக்கழகத்தின் விதி. மாகாணங்களின் நிதி வளர்ந்த வரலாற்றைக் கூறும் அந்நூல் 1925ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சாயிற்று. பேராசிரியர் செலிக்மன் அதற்கு முன்னுரை எழுதினார். 1927ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் முறைப்படி வழங்கப்பெற்றது. நியூயார்க்கில் முதன்முதற் கால்வைத்தபின் பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

பின்னாளில் அவர் வைசிராயின் நிருவாக சபையில் உறுப்பினரானார். 1942ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் குறைகளை விரித்து ஒரு விண்ணப்பம் வரைந்து வைசிராயிடம் அளித்தார். உயர்கல்விக்கும், சிறப்பாக அறிவியலும் தொழில்நுட்பமும் கற்பதற்கும், அரசே பணம் ஒதுக்கவேண்டும் என்று அதிற் கேட்டார். மாணவர் அயல்நாடு சென்று கற்கவும் உதவி வேண்டும் என்றார். 1944ஆம் ஆண்டு முதல் பட்டியல் வகுப்பு மாணவர்க்கு மெட்ரிகுலேஷனுக்குப் பிற்பட்ட படிப்பிற்கு அரசின் உதவித்தொகை வழங்கப்பெறலாயிற்று. மன்னர் ஒருவரின் மனமகிழ்ச்சியை எதிர்நோக்கி நின்ற மாணவர், பின்வருவோர் அங்ஙனம் நிற்கவேண்டாதபடி செய்ய முயன்றார்.

தாம் பட்ட கடன்களை அவர் தம் நூல்களின் முதல் ஏட்டிற் குறித்துவைத்திருக்கிறார். ரூபாயைப் பற்றிய நூலைத் தம் கல்விக்காகத் துன்புற்ற தாய்தந்தையரின் நினைவுக்கு உரியதாக்கினார். மாகாண நிதி பற்றிய நூலைப் பரோடா மன்னருக்கு நன்றியறிதலாகப் படைத்தார். பரோடா நகரம் தமக்குச் செய்த கொடுமையை அவ்விடத்தில் அவர் நினைக்கவில்லை. இரமாபாய் 1935ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் காலமானார். ஐந்தாண்டுகள் கழித்துப் பாகிஸ்தானைப் பற்றி ஒரு நூல் எழுதியபோது, பொருளும் துணையும் இல்லாத நாட்களில் தம்மோடு சேர்ந்து துன்பத்தை ஏற்ற மனைவியாருக்கு அதனைப் படைத்தார். அதில் அவர் மனைவியாரின் முழுப்பெயரை எழுதவில்லை. வீட்டில் அழைக்கும் ராமு என்னும் பெயரையே எழுதினார்.